வல்லாரைக்கு ஒரு பாத்தி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)

 

"தோட்டத்தைப் பத்திப் பேசுங்க, ஆனா அஞ்சு நிமிஷம்தான்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு கீரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொத்தமல்லி, சீரகம், ஓமம், பெருங்காயம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். பூங்கொத்து குடை விரித்தாற்போல் இருக்கும். வல்லாரையும் அந்தக் குடும்பம்தான். அதன் குட்டிக் குடை இலைக்கடியில் ஒளிந்திருக்கும். கொத்தமல்லியைத் திரும்பத் திரும்ப விதைக்கணும். வல்லாரையோ ஒருமுறை நட்டால் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பல ஆண்டுகள் படர்ந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் வெளியிட்ட நூலால் 'பெர்மாகல்ச்சர்' என்ற சொல் பரவியது. பல்லாண்டுப் பயிர்களை வைத்து, ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகும்படி தோட்டம் அமைப்பதே அதன் சாரம். தினமும் பறிப்பது சமையலறைப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்பார்கள். நம் கொல்லையில் அரிசி களைந்த தண்ணீர் வாழைக்குப் போனதும் இதே கணக்குத்தானே!

அந்த வாழை நிழல்தான் வல்லாரைக்கு ஏற்ற இடம். வேரோடு கூடிய இரண்டு மூன்று கணுத் துண்டுகளை, மட்கிய எரு கலந்த மண்ணில் ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். ஈரம் காயக்கூடாது, கோடையில் சருகு மூடாக்குப் போடுங்கள். வேரை விட்டுவிட்டு இலையைக் காம்போடு கிள்ளினால் மறுபடி தழைக்கும். நன்றாகப் பிடித்துக்கொண்டால் களைக்கும் அதிகம் இடம் தராது.

ஒரு எச்சரிக்கை. ஈரம் கண்ட இடமெல்லாம் வளரும் செடி இது. சாக்கடை ஓரத்திலும் செழிக்கும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை வேரிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும். பச்சையாகத் தின்னும் கீரை ஆயிற்றே! சோப்புத் தண்ணீரும் கழிவுநீரும் இந்தப் பாத்திக்கு வரவே கூடாது. காய்கறி அலசிய தண்ணீர் போதும்.

"சாப்பிட்டா ஞாபகசக்தி வருமா சார்?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை, அதற்கு வலுவான சான்று இல்லை என்றே சொன்னது. ஆகவே துவையலையும் சாப்பிடுங்கள், பாடத்தையும் படியுங்கள்!

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் விடுதிச் சமையலறையில் அரிசி களையும் தண்ணீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போகிறது. அதை ஒரு வாழைப் பாத்திக்குத் திருப்பி, அடியில் வல்லாரை நடுவோம். நாற்று நான் தருகிறேன். வாய்க்கால் வெட்டும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாணவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.