வாய்க்காலும் கவிதையும்: வாங் அன்ஷியை எங்கிருந்து படிப்பது?



இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பு எனக்குக் கிடைத்த பெரும்பேறு. சீன மூலங்களில் என்னினும் ஆழ்ந்து பயின்றவர்கள் எதிரே அமர்ந்திருப்பதால் உள்ளூரத் தயக்கமும் உண்டு.

‘வாங் அன்ஷி: அரசியலாளரும் கவிஞரும்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1042-இல் தேர்வில் வென்றது, ஷென்சோங் பேரரசர் ஆதரவில் 1069 முதல் கொண்டுவந்த புதுச் சட்டங்கள், 1074-இலும் 1076-இலும் பதவி துறந்தது, ஜியாங்னிங்கில் கழித்த இறுதி ஆண்டுகள் எல்லாம் நீங்கள் அறிந்தவை. தலைப்பில் இருக்கும் ‘உம்’ பற்றியே நான் பேச விரும்புகிறேன். அந்த இடைச்சொல் ஒருவரை இருவராக்கிவிடுகிறது.

நல்ல கவிஞர், ஆனால் மனிதரை அறியாத பிடிவாதக்காரர் என்ற சித்திரத்துக்குப் பெருந்துணையாக நிற்பது, சூ சுன் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு வசைக் கட்டுரை. முகம் கழுவாதவர், அழுக்கு உடை உடுத்தியவர், நாட்டைக் கெடுக்கப் போகிறவர் என்று அது ஒருவரைப் பெயர் சொல்லாமல் பழிக்கிறது. சூ சுன் இறந்தது 1066-இல். வாங் அதிகாரத்துக்கு வந்ததோ மூன்றாண்டு கழித்து. இந்தத் தீர்க்கதரிசனத்தை அறிஞர் லீ ஃபூ பதினெட்டாம் நூற்றாண்டில் ஐயுற்றார். 1804-இல் முடித்த வாழ்க்கை ஆய்வில் சாய் ஷாங்ஷியாங் அந்த ஐயத்தை விரித்தார். இருந்தும், 1947-இல் லின் யூடாங் எழுதிய, சூ சுன்னின் மகன் சூ டாங்போவின் வரலாற்றின் வழியாக வாங்கை அறிந்த பலரிடம் பழைய சித்திரமே நிலைத்துவிட்டது.

முன்பொரு அரங்கில் இதை நான் எழுப்பியபோது, “மறுத்தவர்கள் இருவரும் வாங்கின் வட்டாரத்தார், அது ஊர்ப்பற்று” என்று மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவர் முடித்துவைத்தார். அன்று சொல்லாத மறுமொழியை இன்று பணிவுடன் சொல்கிறேன். அக்கட்டுரையைப் பரப்பிய ஷாவ் போவென்னின் தந்தை, வாங்கின் எதிரியான சிமா குவாங்கின் நண்பர். ஊர்ப்பற்று சான்றைக் கெடுக்குமானால் கட்சிப்பற்றும் கெடுக்கும். கட்டுரை உண்மையானதே என்று வாதிடும் அறிஞர்கள் இன்றும் உண்டு. அப்படியே ஆனாலும், பகைவர் வரைந்த படத்திலிருந்து ஒருவரைப் படிக்கத் தொடங்குவது முறையன்று.

எங்கிருந்து தொடங்குவது? 1047-இல், இன்றைய நிங்போ பகுதியிலுள்ள யின் வட்டத்தின் ஆட்சியராக அவர் எழுதிய சிறு பயணக் குறிப்பிலிருந்து. பதினோராம் மாதம், வாய்க்கால்களைத் தூர்வார மக்களை ஏவுவதற்காகப் புறப்படுகிறார். மதகு வேலைக்குக் கல் வெட்டுவோரைப் பார்க்கிறார். மழை வந்து கிழக்கே போக முடியவில்லை. கடலோரத்தில் மதகு கட்டத் திட்டமிடுகிறார். இரவுகளை மடாலயங்களில் கழிக்கிறார். தியான்டொங்கில் விடியற்காலை முதிய துறவியோடு பாறைமேல் ஏறி, குரங்குகளின் குரலுக்காக நெடுநேரம் காத்திருக்கிறார், பிறகு படகேறுகிறார். பதினான்கு ஊர்ப்பகுதிகளின் மக்களும் தத்தம் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகே திரும்புகிறார். இதில் எந்த வரி ஆட்சியருடையது, எந்த வரி கவிஞருடையது?

அதே வட்டத்தில் அரசுத் தானியத்தை உழவர்க்கு வட்டிக்குக் கொடுத்து, அறுவடையில் திரும்பப் பெற்றார். பழைய தானியம் புதிதாகியது, மக்களும் பயனடைந்தனர். 1069-இல் இளம்பயிர்க் கடனாக, பருவத்துக்குப் பத்துக்கு இரண்டு வட்டியில், நாடெங்கும் விரிந்தபோது அதுவே சுமையாயிற்று. வேண்டாதவர் தலையிலும் அதிகாரிகள் கடனைக் கட்டினர். சிமா குவாங் தரப்பின் இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. வாங் கருணையற்றவர் என்பதற்கு அது சான்றாகாது என்பதே என் வாதம். யின்னில் சட்டத்தோடு அவரும் ஊர் ஊராகப் போனார்; பேரரசில் சட்டம் மட்டுமே போனது.

கட்டுரையாளர்கள் அந்தப் பயணக் குறிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு இம்மேடை ஏற வேண்டுகிறேன். அந்தப் பாறைமேல் காத்திருந்தவர்தான் கடன் சட்டத்தையும் எழுதினார். இருவரையும் சேர்த்து விளக்காத எந்த முடிவையும் நான் ஏற்கமாட்டேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.