வில்மா ருடால்ஃப் வைத்த நிபந்தனை



மறைந்த தோழர்களை நினைக்கும் இந்த நாளில் அவர்கள் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றை எடுத்துப் பேசுவது நம் வழக்கம். இன்றைய கேள்வி இது: ஒடுக்கப்பட்டவர்களில் ஒருவர் வென்று வரும்போது, அதுவரை ஒதுக்கி வைத்தவர்களே மாலையோடு வந்து நின்றால் நாம் என்ன செய்வது? 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்பகுதியில் இருபது வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் இதற்குப் பதில் சொன்னார். அவர் பெயர் வில்மா ருடால்ஃப்.

கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயலானது அல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவின் பெயரால்தான் வில்மாவின் வாழ்க்கையை இங்கே பேசுகிறோம்.

1940 ஜூன் 23 அன்று டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் நகருக்கு அருகே குறைமாதக் குழந்தையாக அவர் பிறந்தார். எடை இரண்டு கிலோ. தந்தையின் இரண்டு மணங்களில் பிறந்த 22 பிள்ளைகளில் அவர் 20ஆவது. தந்தை ரயில்வே போர்ட்டர். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். நிமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல் என்று அடுத்தடுத்து வந்த நோய்களோடு இளம்பிள்ளை வாதமும் தாக்கி, இடது கால் வலுவிழந்தது.

கறுப்பினக் குழந்தைக்கு அந்த ஊரில் போதிய மருத்துவம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நாஷ்வில் நகரில் மெஹாரி மருத்துவக் கல்லூரி இருந்தது. கறுப்பின மருத்துவர்களை உருவாக்குவதற்காக 1876இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. தாய் பிளான்ச் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் மகளைப் பேருந்தில் அங்கே அழைத்துச் சென்றார். அந்தப் பேருந்திலும் கறுப்பினத்தவருக்குப் பின்னிருக்கைதான். வீட்டில் தாயும் மூத்த பிள்ளைகளும் முறை வைத்துத் தினம் நான்கு வேளை காலை நீவிவிட்டார்கள். இரும்புப் பட்டை கட்டி நடந்த கால் மெல்ல மெல்லத் தேறியது.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லிச் சொல்லி நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். முயன்றால் முடியும் என்கிறார்கள். முயன்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. அந்தக் கால் எழுந்து நின்றதற்குப் பின்னால் கூலி வேலை செய்த ஒரு தாய் இருக்கிறார், முறை வைத்த உடன்பிறப்புகள் இருக்கிறார்கள், ஒதுக்கப்பட்ட மக்களுக்கென்று நடந்த ஒரு மருத்துவமனை இருக்கிறது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வில்மா என்ற பெயரை நாம் கேட்டிருக்க மாட்டோம்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான பர்ட் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை எட் டெம்பிள் கண்டெடுத்தார். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் தடகள அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அதுவும் கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையம். ஓடுதளத்தில் கோடு போடுவதற்கு டெம்பிள் தம் கைக்காசைச் செலவழித்தார். போட்டிகளுக்குக் காரில் போகும்போது சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் இருந்த உணவகங்கள் அவர்களை உள்ளே விடாது, கழிப்பறையும் தராது. வயல்வெளியில் வண்டியை நிறுத்துவார்கள். இந்த அணியிலிருந்து டெம்பிளின் காலத்தில் 40 பேர் ஒலிம்பிக்கில் ஓடினார்கள்.

1956இல் மெல்போர்னில், பதினாறு வயதில், வில்மா 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 1958இல், பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயானவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்று டெம்பிள் ஒரு விதி வைத்திருந்தார். வில்மாவுக்காக அதைத் தளர்த்தினார். குழந்தையை வீட்டார் வளர்த்தார்கள். பெண் பிள்ளை இடறினால் அவள் கதை முடிந்தது என்று கதவைச் சாத்துகிற வீடுகள் நம்மிடையேயும் உண்டு. அந்த வீடு சாத்தவில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை 11.0 நொடியில் ஓடி வென்றார். பின்காற்று அளவுக்கு மேல் இருந்ததால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 200 மீட்டரிலும் தங்கம். தொடர் ஓட்டத்தில் அவரோடு ஓடிய மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ் மூவரும் அதே பல்கலைக்கழக அணியினர். கடைசிச் சுற்றில் கோல் கைமாறும்போது ஏறக்குறைய நழுவியது. பிடித்துக்கொண்டு ஓடி முந்தினார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

இனி நாம் கேட்ட கேள்விக்கு வருவோம். சொந்த ஊர் வரவேற்புக்குத் தயாரானது. டென்னசி ஆளுநர் பஃபர்ட் எலிங்டன் தலைமை தாங்க நினைத்தார். இனப்பிரிவினையை ஆதரிப்பவன் என்று சொல்லியே தேர்தலில் நின்று வென்றவர் அவர். ஊர் வழக்கப்படி கொண்டாட்டமும் வெள்ளையருக்கு ஓரிடம், கறுப்பினத்தவருக்கு ஓரிடம் என்றுதான் நடக்கும். வில்மா ஒரே நிபந்தனை வைத்தார்: ஊர்வலத்திலும் விருந்திலும் எல்லோரும் கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாம் வர முடியாது. ஊர் இறங்கி வந்தது. 1960 அக்டோபர் 4 அன்று நடந்த அந்த வரவேற்புதான் கிளார்க்ஸ்வில்லில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து பங்கேற்ற முதல் நகர நிகழ்ச்சி.

தோழர்களே, இந்த இடத்தில் நம் நாட்டு விளையாட்டு வீரர் பல்வங்கர் பாலுவை நினைக்க வேண்டும். தலித் சமூகத்தில் பிறந்த மாபெரும் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு முன் புனேயில் அவர் ஆடிய நாட்களில், ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர் அரங்குக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் கொடுக்கப்பட்டது. அவர் கை தொட்ட பந்து வேண்டியிருந்தது, அவர் தொட்ட குவளை வேண்டாம். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திறமையை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது சாதிக்கும் நிறவெறிக்கும் பொதுவான பழக்கம். பாராட்டு விழாவும் அதே வேலையைச் செய்யக்கூடும். அதைத்தான் வில்மா கண்டுகொண்டார்.

ஆனால் ஒரு நாள் ஊர்வலத்தால் ஊர் மாறிவிடவில்லை. 1963 மே மாதம் அதே கிளார்க்ஸ்வில்லில் ஓர் உணவகம் கறுப்பினத்தவரை உள்ளே விட மறுத்தது. மூன்று தங்கம் வென்ற வில்மாவும் அந்த வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. அதன் பிறகே உணவகங்கள் உள்ளிட்ட பொது இடங்கள் எல்லோருக்கும் திறக்கப்படும் என்று நகர மேயர் அறிவித்தார். ரோமில் 100 மீட்டரைக் கடக்க 11 நொடி போதுமானதாக இருந்தது. சொந்த ஊரில் வரவேற்பு விருந்திலிருந்து அந்த உணவகத்தின் வாசலைக் கடக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின.

ஓட்டம் அவருக்குச் சோறு போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய ஒலிம்பிக் விதிகளின்படி வீரர்கள் விளையாட்டால் சம்பாதிக்கக் கூடாது. 1961இல் 100 மீட்டரை 11.2 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தவர், 1962இல் 22 வயதில் ஓட்டத்தை விட்டார். 1963இல் பட்டம் பெற்று, சொந்த ஊரில் சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். 1981இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தர ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1994 நவம்பர் 12 அன்று 54 வயதில் மூளைப் புற்றுநோயால் மறைந்தார்.

வைக்கத்தில் தெருவுக்காகவும் மகாடில் குளத்து நீருக்காகவும் போராடிய மரபு நம்முடையது. நம் தெருவிலிருந்து ஒரு பிள்ளை பதக்கத்தோடு வரும்போது பெருமைப்படுவோம், மேளம் அடிப்போம். அதோடு சில கேள்விகளையும் கேட்போம். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகிறது? நாளைக்கும் அந்தத் தெருவில் நம் பிள்ளைகள் செருப்புப் போட்டு நடக்கலாமா? மாலை போடுகிறவர் வீட்டில் எந்தக் குவளையில் தண்ணீர் தருவார்? அடுத்து ஓடப்போகும் பிள்ளைக்குப் பள்ளியில் மைதானம் இருக்கிறதா, பயிற்சியாளர் இருக்கிறாரா, மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறதா?

மாணவ நண்பர்களே, உங்களில் பலரை மேடைக்கு அழைப்பார்கள். பாராட்டை மறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வில்மாவும் மறுக்கவில்லை. போவதற்கு முன், கூடவே யார் யார் வரலாம் என்று கேட்டார். நீங்களும் கேளுங்கள்.