தைலத் தொழிலுக்கு நல்லெண்ணெய் வழங்குவோர் கவனிக்க வேண்டியவை

(எள் சாகுபடியாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எள்ளின் நெய்தான் எண்ணெய் என்பதை நாம் அனைவரும் அறிவோம். வடமொழியில் எள்ளுக்குத் திலம் என்று பெயர். அதிலிருந்து பிறந்ததே தைலம் என்ற சொல். ஆயுர்வேத முறையில் காய்ச்சும் தைலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் நல்லெண்ணெயே அடிப்படை.

அண்மைக் காலத்தில் முகத்துக்கும் உடலுக்கும் பூசும் தைலங்களைச் சொந்தப் பெயரிட்டு விற்கும் சிறு வணிகர்கள் பெருகியிருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு நிலம் கிடையாது, செக்கு கிடையாது, காய்ச்சும் கூடமும் கிடையாது. உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளரிடம் செய்து வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கிறார்கள். இதைத்தான் பிரைவேட் லேபிள் என்கிறார்கள். அவர்கள் ஊர் ஊராக வந்து, "ஒரே ஊரில் விளைந்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சந்தை விலைக்கு மேல் தரவும் சிலர் முன்வருகிறார்கள். இந்த வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் முறையாகப் பயன்படுத்த வேண்டும்.

ஒருவர் அவசரம், ஆறு பேர் நட்டம்

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் ஆறு உழவர்கள் சேர்ந்து ஆளுக்கு ஓர் ஏக்கர் எள் விதைத்தார்கள். மாசிப் பட்டம், இறவைப் பயிர், நல்ல விளைச்சல். ஆறு பேருடைய எள்ளையும் ஒன்றாகக் கொட்டி ஆட்டி, நான்கு பீப்பாய் எண்ணெய் அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து நான்கு பீப்பாயும் திரும்பி வந்துவிட்டன. சிக்கு வாடை அடிக்கிறது, அமில எண் கூடுதல் என்று வாங்கியவர் எழுதியிருந்தார்.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. அறுவடை நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒருவர் மட்டும் சரியாகக் காயாத எள்ளைப் பழைய உரச் சாக்கில் கட்டிப் பத்து நாள் மூலையில் வைத்திருந்தார். அந்த எள் மற்ற ஐவருடைய நல்ல எள்ளோடு கலந்தது. முடிவில் அத்தனை எண்ணெயும் விளக்கேற்றும் எண்ணெய் விலைக்குத்தான் போயிற்று. போக்குவரத்துச் செலவும் அவர்கள் தலையில் விழுந்தது.

அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. யார் எள் எந்தச் சாக்கில் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தால் ஐவர் தப்பியிருப்பார்கள். நான் இன்று சொல்ல வந்த செய்தியும் அதுவே. வாங்க வருபவர் எண்ணெயோடு சேர்த்து அதன் வரலாற்றையும் வாங்குகிறார். அந்த வரலாற்றை நாம் எழுத்தில் காட்ட முடிந்தால்தான் கூடுதல் விலை நிலைக்கும்.

வாங்குபவர் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

தைலம் காய்ச்சுவதற்கு நூல்களில் சொல்லப்பட்ட பொது அளவு, மூலிகைக் கல்கம் 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் முதலிய நீர்மம் 16 பங்கு. நீர் முழுவதும் வற்றும்வரை சிறு தீயில் காய்ச்ச வேண்டும். நம் எண்ணெய் கெட்டிருந்தால் எண்ணெய் மட்டுமா வீணாகிறது? மூலிகை, விறகு, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து வீணாகின்றன. அந்தத் தைலம் யாருடைய முகத்திலாவது தடிப்பை உண்டாக்கினால் பெயரிட்டவரின் வியாபாரமே படுத்துவிடும்.

இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறேன். 2020 செப்டம்பரில், நம் நாட்டிலிருந்து சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் வாயு மருந்தின் எச்சம் இருப்பதாக ஐரோப்பிய நாடுகளில் கண்டறிந்தார்கள். அங்கு எள்ளுக்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான். பல உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இந்த வாயுவை வயலில் யாரும் பயன்படுத்துவதில்லை. எள்ளில் உள்ள சால்மோனெல்லா போன்ற நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காக, அறுவடைக்குப் பின் கிடங்குகளில் பயன்படுத்துவது அது. எள்ளைத் தொடக்கத்திலிருந்தே சுத்தமாக வைத்திருந்தால் அத்தகைய மருந்துக்குத் தேவை குறையும்.

வயலிலும் களத்திலும்

முதலாவதாக, குழுவினர் அனைவரும் ஒரே இரகத்தை விதைக்க வேண்டும். டி.எம்.வி. 3 போன்ற கருமை நிற எள்ளையும் எஸ்.வி.பி.ஆர். 1 என்ற வெள்ளை எள்ளையும் கலக்கக் கூடாது. எந்த நிற எள் வேண்டும் என்பதை விதைப்பதற்கு முன்பே வாங்குபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி மருந்து அடித்தால் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் அன்றே நோட்டில் குறித்துவிடுங்கள். மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாள்கள் முடியும் முன் அறுவடை செய்யாதீர்கள். சான்றிதழ் இல்லாமல் "இயற்கை விளைச்சல்" என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அதற்கு அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். குழுவாகச் சேர்ந்து பி.ஜி.எஸ். முறையிலும் சான்று பெறலாம்.

இலைகளில் கால் பங்கு உதிர்ந்து, தண்டும் காய்களும் மஞ்சளாகத் தொடங்கியதும் அடியிலிருந்து பத்தாவது காயைப் பிரித்துப் பாருங்கள். கறுப்பு எள் இரகமானால் விதை கறுத்திருக்க வேண்டும். அதுவே அறுவடைக்குரிய தருணம். அடிக்காய்கள் வெடிக்கும்வரை விட்டால் மணி வயலிலேயே கொட்டிவிடும். அறுத்த செடிகளை நுனி உள்ளேயும் அடித்தண்டு வெளியேயும் இருக்குமாறு வட்டமாக அடுக்கி, வைக்கோலால் மூடி, மூன்று நாள் வைத்திருந்து, பிறகு வெயிலில் காயவைத்து உதிர்க்க வேண்டும்.

தார்ப்பாயின் மீதுதான் உதிர்க்க வேண்டும். சாணம் மெழுகிய களம், கோழி மேயும் இடம், தார்ச் சாலை ஆகியவை இதற்கு ஏற்றவை அல்ல. உதிர்த்த எள்ளை மூன்று நாள் வெயிலில் பரப்பி, மூன்று மணிக்கு ஒருமுறை கிளறிக் காயவையுங்கள். ஈரம் 8 சதத்துக்குக் கீழ் வரவேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் உள்ள ஈரப்பதமானியில் பார்த்துக்கொள்ளலாம். உர மூட்டைச் சாக்கை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு சாக்கிலும் உழவர் பெயர், வயல், அறுவடைத் தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

செக்கில்

நம் ஊர்ச் செக்குகளில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம். சமையலுக்கு அது சுவை தரும். தைலத்துக்கு வாங்குபவர்களில் சிலர் கருப்பட்டி சேராத எண்ணெயே வேண்டும் என்பார்கள். ஆட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அதே செக்கில் முன்பு நிலக்கடலை ஆட்டியிருந்தால் நன்றாகத் துடைத்து, முதல் ஈட்டு எண்ணெயைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிறிதளவும் கேடு செய்யும். 100 கிலோ எள்ளுக்குச் செக்கில் சுமார் 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். பிண்ணாக்கு நம் மாட்டுக்கு மிஞ்சும்.

ஆட்டிய எண்ணெயைத் தெளியவிட்டு, கசடு நீக்கி, வடிகட்டிய பிறகே அடைக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் ஆகா. செம்பு பட்டால் எண்ணெய் விரைவில் காறிவிடும். எவர்சில்வர் கலமோ, உணவுப் பொருளுக்கென்று செய்த புதிய பிளாஸ்டிக் பீப்பாயோ ஏற்றது. காற்று நிற்க இடமில்லாமல் நிறைத்து மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

சோதனையும் மாதிரியும்

ஒவ்வோர் ஈட்டிலும் மூன்று புட்டி மாதிரி எடுத்து, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு முத்திரை வையுங்கள். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று குழுவுக்கு, மற்றொன்று தகராறு வந்தால் ஆய்வகத்துக்கு. திருப்பி அனுப்பிய எண்ணெய் நம்முடையதுதானா என்பதை இதைக்கொண்டே நிரூபிக்க முடியும்.

அமில எண் என்பது எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதன் அளவு. உணவு நல்லெண்ணெய்க்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 6. தைலத்துக்கு வாங்குபவர்கள் இதைவிடக் குறைவாகக் கேட்கலாம். அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

"எண்ணெய் சிவந்தது, ஆகவே சுத்தம்" என்று யாராவது போடூயின் சோதனையைக் காட்டினால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது நல்லெண்ணெய் இருக்கிறது என்று காட்டுமே தவிர, வேறு எண்ணெய் கலக்கவில்லை என்று காட்டாது. வனஸ்பதியில் 5 சதத்துக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி செய்ததே, நெய்யில் வனஸ்பதி கலந்தால் இச்சோதனை காட்டிக்கொடுக்கும் என்பதற்காகத்தான். சுத்தத்தை அறிய ஒளிவிலகல் எண், அயோடின் எண், கொழுப்பு அமிலங்களின் பகுப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

சட்டம்

எண்ணெயைத் தருவது வேறு. தைலம் காய்ச்சி விற்பது வேறு. ஆயுர்வேத மருந்தைத் தயாரித்து விற்க மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940-இன்கீழ் உரிமம் வேண்டும். அழகுப் பொருளாகச் செய்தால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி உரிமம் வேண்டும். "மூலிகையையும் நீங்களே போட்டுக் காய்ச்சிக் கொடுங்கள், நான் பெயர் ஒட்டிக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உரிமம் இல்லாத நிலையில் இணங்காதீர்கள். பின்னால் வழக்கு நம் வாசலுக்கு வரும். தைலத்தைச் செய்யப்போகும் தயாரிப்பாளர் யார், அவருடைய உரிம எண் என்ன என்று முதலிலேயே கேளுங்கள். சமையலுக்கும் எண்ணெய் விற்பதானால் உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ தனியே வேண்டும்.

ஒப்பந்தம்

வாய்ச்சொல் போதாது. எள்ளின் நிறம், ஈரம், அமில எண், அளவு, விலை, பணம் தரும் நாள் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தப் போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். முதல் ஆண்டில் விளைச்சல் முழுவதையும் ஒருவரை நம்பி வைக்காதீர்கள். ஒரு பகுதியை வழக்கமான சந்தைக்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முன்பு சொன்ன அந்த ஆறு பேரும் மனம் தளர்ந்து விடவில்லை. அடுத்த பட்டத்தில் ஆளுக்கு ஒரு நிற அட்டை கட்டித் தனித்தனியே எள்ளைக் காயவைத்தார்கள். தனித்தனியே மாதிரி ஆட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எள் மட்டும் தேறவில்லை. அவர் அதை எள்ளாகவே சந்தையில் விற்றுக்கொண்டார். மற்ற ஐவருடைய எண்ணெயும் ஏற்கப்பட்டது. சென்ற முறை ஈர எள்ளைக் கட்டி வைத்தவரும் அந்த ஐவரில் ஒருவர்.

ஆகவே, உழவர் பெருமக்களே, நன்றாகக் காயவையுங்கள், தனித்தனியே வையுங்கள், எழுதி வையுங்கள். இம்மூன்றையும் கடைப்பிடித்து, விளைவித்த எள்ளுக்கு உரிய பயனை முழுமையாகப் பெறவேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.