இருதயத்தின் கடிவாளம்



கையை உயர்த்த எண்ணினால் கை உயர்கின்றது. காலை நீட்ட எண்ணினால் கால் நீள்கின்றது. ஆனால், "இருதயமே, சற்று மெல்லத் துடிப்பாயாக" என்று எவ்வளவு வற்புறுத்தினாலும் அது செவிசாய்ப்பதில்லை. சினம் வந்தபோதும் அச்சம் வந்தபோதும் அது தறிகெட்ட குதிரைபோல் ஓடுகின்றது. அக்குதிரைக்குக் கடிவாளம் உண்டா? உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புச் சோடிகள் 12. அவற்றுள் பத்தாவது சோடிக்கு வேகஸ் நரம்பு என்று பெயர். வேகஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்பது பொருள். பெயருக்கேற்ப அது கழுத்தின் இருமருங்கும் இறங்கி, குரல்வளை, இருதயம், நுரையீரல், இரைப்பை, குடல் எனப் பல உறுப்புகளையும் சென்று காண்கின்றது. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் வேகம் என்னும் சொல்லை நினைவூட்டலாம். அதன் தொழிலோ வேகத்தைத் தணிப்பதாகும். நரம்புகளின் ஏவல் இன்றித் தானே துடிக்க விட்டால், இளைஞர் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். ஓய்ந்திருக்கும்போது நாடி 70 அளவில் நிற்பது இந்நரம்பு இழுத்துப் பிடித்திருப்பதனாலேயே.

இந்நரம்பு எவ்வாறு இருதயத்தைத் தணிக்கின்றது? ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஒட்டோ லோவி என்னும் அறிஞர் இதற்கு விடை கண்டார். சோதனையின் வழி தமக்குக் கனவிலே தோன்றியதென்றும், அதனை இரவிலேயே எழுதிவைத்தும் காலையில் தம் எழுத்தைத் தாமே வாசிக்க இயலாது தவித்தாரென்றும், மறுநாள் இரவும் அக்கனவே வரவே எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றாரென்றும் அவரே பின்னாளில் கூறியுள்ளார். தவளையின் இருதயங்கள் இரண்டினை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பை மின்னால் தூண்ட, அதன் துடிப்புக் குறைந்தது. அவ்விருதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து மற்றதனுள் செலுத்தினார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இருதயமும் மெல்லத் துடிக்கலாயிற்று! நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே தன் செய்தியைச் சொல்கின்றது என்பது புலனாயிற்று. 1921இல் வெளியான இச்சோதனை உடலியலிலே புதிய வாயிலைத் திறந்தது. அப்பொருள் அசற்றைல்கோலின் என்பதாகும். லோவியும் இங்கிலாந்தின் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி, நாம் இக்கடிவாளத்தைப் பற்றுவது எவ்வாறு? நேராகப் பற்ற இயலாது. ஆயினும் ஒரு பக்கவழி உண்டு, அதுவே சுவாசம். நேயர்களே, இப்பொழுதே உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள். துடிப்புச் சிறிது விரையும். நீளமாக வெளியே விடுங்கள், துடிப்புத் தணியும். இளம் வயதினரிடத்து இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும், முதுமையில் குறைந்துவிடும். உள்ளிழுக்கும்போது வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகின்றது. வெளிவிடும்போது மீண்டும் இறுக்குகின்றது. ஆகவே வெளிமூச்சு நீள நீள இருதயம் இளைப்பாறும் நேரமும் நீள்கின்றது.

செய்முறை எளிது. நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுக. நொடிக்கு ஓர் எண்ணாக எண்ணினால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கி வருந்த வேண்டுவதில்லை. தலை சுற்றினால் உடனே நிறுத்துக.

இதிலே வியப்பொன்று உண்டு. இத்தாலிய ஆராய்ச்சியாளர் சிலர், இலத்தீன் மொழியிற் சொல்லும் செபமாலை மன்றாட்டையும் திபெத்திய பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதுவோரின் சுவாசத்தை அளந்து, 2001இல் முடிவினை வெளியிட்டனர். இரண்டினையும் ஓதுங்கால் சுவாசம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகவே அமைந்தது. சமயங்கள் வேறு, மூச்சின் நடை ஒன்று. மாலைப் பொழுதில் வீட்டிலே நீட்டிப் பாடுவோரும் அறியாமலே வெளிமூச்சை நீட்டிக்கொள்கின்றனர் அல்லவா?

மிகுதியான நன்மையும் சில வேளை தீங்காகும். இரத்தத்தைக் கண்டோ, வெயிலில் நெடுநேரம் நின்றோ சிலர் மயங்கி விழுவது ஏன்? வேகஸ் நரம்பு திடீரென அளவுமீறி இழுக்க, நாடி தளர்கின்றது. இரத்தக் குழாய்களும் விரிய, இரத்த அழுக்கம் வீழ்ந்து மூளைக்கு இரத்தம் போதாமற் போகின்றது. அவ்வாறு விழுந்தவரைத் தூக்கி நிறுத்துதல் பெருந்தவறு. மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துக. சூழ்ந்து நிற்போரை விலக்குக. விரைவில் தெளியாவிடின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை. மார்பிலே மின்கருவி பொருத்திக் கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சை, மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்காக 1997இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அது நிபுணர் செய்யும் வேலை. இதனைக் காட்டி, எல்லா நோய்க்கும் இந்நரம்பே மருந்தென்று கருவிகளும் பயிற்சிகளும் விற்பார் இன்று பலர். பணத்தை இழப்பது சிறிய நட்டம்; அவர் சொற்கேட்டு இரத்த அழுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் உண்ணும் மருந்தை நிறுத்துவதோ உயிருக்கே நட்டம். ஓய்ந்திருந்தும் நாடி விரைந்தோடுமாயின், அது இரத்தச் சோகையாகவோ தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறாகவோ இருக்கலாம். மூச்சுப் பயிற்சியால் அதனை மூடி மறையாது வைத்தியரிடம் காட்டுக. கழுத்தை அழுத்திப் பார்ப்பதும் ஆபத்தாகும்.

இவ்வளவும் அறிந்து கொண்டால், அமைதிக்கென நாம் செலவிட வேண்டியது நாளொன்றுக்குப் பத்து நிமிடமே. சினம் மூண்டு, வாய் ஒரு கடுஞ்சொல்லைச் சொல்லத் துடிக்கும் வேளையில், ஒரு நீண்ட வெளிமூச்சுக்கு இடங்கொடுத்துப் பாருங்கள். அச்சொல் பெரும்பாலும் சொல்லப்படாமலே போகும்.