சென்றகாலப் பழக்கத்தை ஆங்கிலத்தில் கூறும் முறை
(சங்கத்தின் ஆங்கில வகுப்புத் தொடக்க நாளில் நிகழ்த்திய பேச்சு)



இவ்வகுப்பைத் தொடக்கி வைக்கும்படி செயலாளர் என்னைக் கேட்டபொழுது, இரண்டொரு வாழ்த்துரை கூறி அமர்ந்துவிடலாம் என்றே எண்ணினேன். ஆயின், வாழ்த்தினால் மட்டும் மொழி வந்துவிடாது. ஆதலால், எங்களவர் அடிக்கடி இடறுகின்ற ஓரிடத்தை இன்று காட்ட விரும்புகிறேன். நானும் அங்கே விழுந்து எழுந்தவனே.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குச் சென்றிருந்தேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர் என்று அதிகாரி கேட்டார். "ஐ யூஸ்ட் டு ரீட் தி நியூஸ்பேப்பர் எவ்ரி டே" என்று பெருமையுடன் விடை பகர்ந்தேன். நாள்தோறும் பத்திரிகை வாசிக்கிறேன் என்பதே என் கருத்து. அவரோ புன்சிரிப்புடன், "அப்படியாயின் ஏன் நிறுத்திவிட்டீர்?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து இலக்கண நூலைப் புரட்டிய பின்னரே, "முன்பு வாசிப்பேன், இப்போது வாசிப்பதில்லை" என்று நானே என்னைப் பற்றிச் சாட்சி சொல்லிவிட்டேன் என்பது தெரிந்தது.

இப்பிழை ஏன் நேர்கிறது? "யூஸ்ட் டு" என்பதற்கு "வழக்கம்" என்று பொருள் பாடமாக்குகிறோம். தமிழில் "போவது வழக்கம்" என்றால் அது இன்றைய வழக்கமாகவும் இருக்கலாம். அன்றைய வழக்கமாகவும் இருக்கலாம். "யூஸ்ட் டு" அப்படியன்று. அது சென்ற காலத்துக்கே உரியது. இப்போது அப்படியில்லை என்ற குறிப்பும் பெரும்பாலும் அதனுள் அடங்கியிருக்கும். இன்றைய பழக்கத்தைக் கூற வெறும் நிகழ்காலமே போதும்: "ஐ ரீட் தி நியூஸ்பேப்பர் எவ்ரி டே."

இனி, சென்றகாலப் பழக்கத்தைக் கூற இன்னொரு சொல்லும் உண்டு. அதுவே "வுட்". வில், ஷல், கான், மே, மஸ்ட் முதலிய துணைவினைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹீ, ஷீ என்பவற்றின்பின் வந்தாலும் இக்குடும்பத்தார் "எஸ்" ஏற்கமாட்டார். அடுத்து வரும் வினைக்கு முன் "டு" வைக்கவும் விடமாட்டார். "வுட்" என்பது "வில்" என்பதன் இறந்தகால வடிவம். எதிர்காலம் காட்டும் சொல்லின் உறவு எப்படிப் பழங்கதை சொல்லும் என்று நீங்கள் வியக்கலாம். வியக்க வேண்டியதில்லை. எங்கள் மொழியும் அதையே செய்கிறது. கேளுங்கள்:

"நான் சிறுவனாயிருந்த காலத்தில் அப்பு விடியுமுன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பார். நாலு மணிக்கே எங்களை எழுப்புவார். ஐயா துலா மிதிப்பார்."

இறைப்பார், எழுப்புவார், மிதிப்பார். பகரமும் வகரமும் எதிர்கால இடைநிலைகள் என்று இலக்கணத்தில் படித்தோம். ஆயினும் இங்கே எதிர்காலம் எங்கே இருக்கிறது? "அந்தக் காலத்தில்" என்று தொடங்கிவிட்டால் அவ்வினைகள் பழைய பழக்கத்தையே காட்டும். ஆங்கிலத்திலும் அப்படியே: "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு வாட்டர் தி கார்டன் பிஃபோர் டோன். ஹீ வுட் வேக் அஸ் அட் ஃபோர்." முதல் வாக்கியத்தில் "யூஸ்ட் டு" வைத்துக் காலத்தை நிலைநாட்டுங்கள், பின்வருவனவற்றை "வுட்" கொண்டு தொடருங்கள். நல்ல ஆங்கிலக் கதைசொல்லிகள் இவ்வாறு செய்வதைப் பரக்கக் காணலாம்.

ஆயின் மூன்று எச்சரிக்கைகள் உள. ஒன்று, "வுட்" திரும்பத் திரும்ப நிகழும் செயலுக்கே இவ்வாறு வரும், நிலைக்கு வராது. "இங்கே ஒரு புளியமரம் நின்றது" என்பதற்கு "தேர் யூஸ்ட் டு பி எ டாமரிண்ட் ட்ரீ ஹியர்" என்க. அங்கே "வுட்" பொருந்தாது. இரண்டு, இத்தனை முறை என்று எண்ணிச் சொன்னால் இரண்டும் வேண்டா. "ஐ வென்ட் டு கண்டி த்ரீ டைம்ஸ்" என்பதே சரி. மூன்று, "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி" என்பது வேறு. அதிகாலையில் எழுந்து பழகிவிட்டவன் என்பது அதன் பொருள். "ஆம்" என்ற சிறு சொல்லும் "இங்" என்ற ஈறும் பொருளையே மாற்றிவிடுகின்றன.

"கான்" என்பதையும் ஒரு வார்த்தையில் தொட்டுச் செல்கிறேன். பண்டை ஆங்கிலத்தில் அதற்கு "அறிதல்" என்பதே பொருள். நாமும் "நீந்தத் தெரியும்" என்கிறோம் அன்றோ? சிறு வயதில் இருந்த ஆற்றலைச் சொல்ல "ஐ குட் ஸ்விம்" போதும். ஆனால் ஒருநாள் வெள்ளத்தில் நீந்திக் கரையேறியதைச் சொல்லும்போது "ஐ வாஸ் ஏபிள் டு ஸ்விம் அக்ராஸ்" என்க.

ஆகவே நண்பர்களே, தாய்மொழியை மறந்தாற்றான் ஆங்கிலம் வரும் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டா. தமிழை உற்றுக் கவனிப்பவனுக்கு ஆங்கிலத்தின் பாதி வாசல் திறந்தே கிடக்கிறது. மற்றப் பாதியில் எங்கே வழி பிரிகிறது என்பதை மட்டும் ஆசிரியர் காட்டினாற் போதும்.

உங்களுக்கு முதற் பயிற்சி ஒன்று தருகிறேன். இன்றிரவு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் பக்கத்தில் இருந்து, அவர் இளமையில் என்னென்ன செய்வார் என்று கேளுங்கள். பெரியோர்களே, நீங்களும் சலிக்காமல் சொல்லுங்கள். கேட்டவற்றைப் பத்து வாக்கியங்களில் "யூஸ்ட் டு", "வுட்" கொண்டு எழுதுங்கள். எழுதிய பின் ஒவ்வொன்றையும் மீண்டும் வாசியுங்கள். துலா போய் இயந்திரம் வந்ததற்கு வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதிகாலையில் எழுதல், அயலவருக்கு உதவுதல், நாளுக்குச் சில பக்கமேனும் வாசித்தல் போன்றவை உங்கள் தாளில் "யூஸ்ட் டு" என்று கிடந்தால், அவற்றுள் ஒன்றையாவது நிகழ்காலத்துக்கு மாற்றி எழுதுங்கள். எழுதியபடி நடவுங்கள். பிறகு எந்த அதிகாரியும் உங்களிடம் "ஏன் நிறுத்திவிட்டீர்?" என்று கேட்கமாட்டார்.