நம்மைப் பார்க்கும் பெட்டி

தொலைக்காட்சிப் பெட்டியை நாம் பார்க்கிறோம். ஸ்மார்ட் டிவியோ நம்மையும் பார்க்கிறது. திரையில் ஓடுவதை நொடிதோறும் குறித்து, நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு பலவற்றில் உண்டு. ஒப்புதலின்றி 1.1 கோடிப் பெட்டிகளில் இவ்வாறு சேர்த்த விவரங்களை விற்றதாக எழுந்த வழக்கில், அமெரிக்காவின் விஸியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

வழி யாது? வாங்கிவிட்டவர்கள் வீட்டு இணையத்தின் கடவுச்சொல்லை அதற்குக் கொடாதிருக்கலாம். இனி வாங்குவோர், கணினித் திரையொன்றை எச்.டி.எம்.ஐ. கம்பியால் செட்டாப் பெட்டியுடன் இணைக்கலாம். அத்தகைய திரைகள் பலவற்றில் ஒலிபெருக்கி இராது. தனியே வாங்க வேண்டும். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கோ மாதக் கட்டணமும் இல்லை. விளம்பரங்கள் அதிலும் வரும், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தத் தட்டு வானிலிருந்து வாங்குவதோடு சரி. எதையும் திருப்பி அனுப்புவதில்லை.