குடல் அழற்சியும் உணவுப் பரிசோதனைகளும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மருத்துவக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டாக்டர், வயிற்றைப் பற்றிப் பேசுங்கள், பங்கில் வயிறு இல்லாதவர் யாரும் இல்லை" என்று விழாக் குழுச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வயிற்றைப் பற்றி முழுவதும் பேசப் புகுந்தால் அடுத்த கூடத்தில் காத்திருக்கும் மதிய உணவு ஆறிப்போகும். ஆகவே ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குடலில் நாட்பட்ட அழற்சி உள்ள ஒருவர், "எனக்கு எந்த உணவு சேரவில்லை?" என்று தெரிந்துகொள்ள எந்தப் பரிசோதனையைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதே அது.

முதலில் நோய் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். நாம் வழக்கமாக அல்சர் என்று சொல்லும் இரைப்பைப் புண் வேறு. நான் பேசுவது சிறுகுடலிலும் பெருங்குடலிலும் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. இது இரண்டு வகைப்படும். பெருங்குடலின் உட்சவ்வு புண்ணாகி இரத்தமும் சளியுமாகப் போவது ஒன்று. அதை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். மற்றொன்று கிரோன் நோய். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் இதைப் பற்றி எழுதினார்கள். ஆங்கில அகர வரிசையில் கிரோன் பெயர் முன்னால் நின்றது. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டில் குடல் காசநோயும் இதே இடத்தில், இதே தோற்றத்தில் வரும். எனவே கிரோன் என்று முடிவு கட்டி ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது மிக முக்கியம். இதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

இந்நோய் உள்ளவர்களுக்கு உணவைக் கண்டாலே அச்சம். சாப்பிட்ட அரை மணியில் வயிறு முறுக்குகிறது, உப்புகிறது, ஓட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர் உணவின் மேல் பழி போடுவது இயல்பே. அந்த நேரம் பார்த்து, "ஒரே ஊசியில் இருநூறு உணவுகள்" என்று பரிசோதனைக் கூடத்து விளம்பரம் கண்ணில் படுகிறது.

ஒரு தாய் தம் மகளை அப்படித்தான் என்னிடம் அழைத்து வந்தார். கல்லூரியில் படிக்கும் பெண். கையில் பல பக்க அறிக்கை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் உணவுகளின் பெயர்கள். சிவப்புப் பட்டியலில் அரிசி, பால், கோதுமை, முட்டை, துவரம் பருப்பு, தக்காளி, வாழைப்பழம். மூன்று மாதமாக அந்தப் பெண் சவ்வரிசிக் கஞ்சியும் வேகவைத்த பூசணிக்காயும் தின்று எலும்பும் தோலுமாய் வந்து நின்றாள். "இன்னும் எதை நிறுத்தட்டும் டாக்டர்?" என்று தாய் கேட்டார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குடும்பம் வாங்கிய காகிதம் அது. அதைக் குறை சொன்னால் அவர்கள் மனம் புண்படும். ஆனாலும் சொல்லியாக வேண்டியிருந்தது.

அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது? நம் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்றொரு எதிர்ப்புப் புரதம் உண்டு. நாம் உண்ணும் உணவின் துணுக்குகள் சிறிதளவு இரத்தத்தில் கலக்கும்போது உடல் அவற்றை அடையாளம் கண்டு இப்புரதத்தைச் செய்துவைக்கிறது. ஆக, அரிசிக்கு எதிராக ஐ.ஜி.ஜி. இருக்கிறது என்றால் இவர் அரிசி சாப்பிடுகிறவர் என்று பொருள். தமிழ்நாட்டில் இதைக் கண்டுபிடிக்க இரத்தம் எடுக்க வேண்டியதில்லை! எந்த உணவைத் தினமும் உண்கிறோமோ அதுவே பட்டியலில் மேலே வரும். குடலில் அழற்சி உள்ளவர்களுக்கோ நிலைமை இன்னும் மோசம். வேலி சிதைந்த தோட்டத்தில் ஆடுமாடு நுழைவதுபோல, புண்பட்ட குடற்சுவர் வழியாக உணவுத் துணுக்குகள் அதிகமாக உள்ளே நுழைகின்றன; ஆகவே சிவப்புப் பட்டியலும் நீண்டுவிடுகிறது. வேலி சிதைந்ததற்கு ஆட்டைக் காரணமாகச் சொல்வது சரியாகுமா?

ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008-லும், கனடா நாட்டுச் சங்கம் 2012-லும் இப்பரிசோதனையை வைத்து உணவை நிறுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தன. இதைப் பின்பற்றி உணவை மாற்றியவர்களில் சிலருக்கு வலி குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் பாலையும் கோதுமையையும் நிறுத்தினாலே பலருக்கு வயிறு உப்புசம் குறையும். அதற்கு இந்தக் காகிதம் தேவையில்லை. குடற்புண் ஆறியது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. தலைமுடியைக் கத்தரித்து அனுப்பச் சொல்வது, கையில் உணவுப் பொட்டலத்தைக் கொடுத்துத் தசையின் வலிமை பார்ப்பது போன்றவற்றைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

உண்மையான ஒவ்வாமை என்பது வேறு. இறால் தின்ற சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்திற்குள், உதடு வீங்குவது, உடம்பு தடிப்பது, மூச்சு இரைப்பது. 1921-ல் பிரவுஸ்னிட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், மீன் ஒத்துக்கொள்ளாத தம் தோழர் கூஸ்ட்னரின் இரத்த நீரைத் தம் தோலிலேயே ஏற்றிக்கொண்டார்; மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தோல் தடித்தது. இரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது, அது ஐ.ஜி.ஈ. என்று பெயர் பெற்றது 1960-களின் பிற்பகுதியில்தான். உடனடியாகத் தடிப்பும் வீக்கமும் வருகிறவர்களுக்கு ஐ.ஜி.ஈ. பரிசோதனையோ, தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ பயனுள்ளது. அதுவும் சந்தேகப்படும் உணவுக்கு மட்டும். ஒரு தொந்தரவும் இல்லாமல் உண்டு வரும் பொருளுக்கு ஐ.ஜி.ஈ. கூடுதலாக இருந்தால் அது ஒவ்வாமை ஆகாது. நாட்பட்ட வயிற்றுப்போக்குக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

சரி, குடல் அழற்சி உள்ளவர் எதைத்தான் செய்வது? முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை உணவைப் பற்றியதே அல்ல. "இப்போது என் குடலில் அழற்சி எரிகிறதா, அடங்கியிருக்கிறதா?" என்பதே முதற்கேள்வி. இதற்கு விடை தருவது மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளப்பது. அழற்சி உள்ள இடத்திற்குப் படையெடுத்து வரும் வெள்ளை அணுக்களில் இப்புரதம் நிறைந்திருக்கிறது. அவை குடலுக்குள் சிந்தும்போது இதுவும் மலத்தோடு வருகிறது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250-க்கு மேல் என்றால் தீ எரிகிறது என்றே கொள்ளலாம். இடைப்பட்ட எண் வந்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தொற்று வயிற்றுப்போக்கிலும், மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை விழுங்கினாலும் எண் ஏறும். ஆகவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஏன் இதை முதலில் வைக்கிறேன்? இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வயிறு வலிக்கலாம். ஒருவருக்கு எண் 900. அவர் எதை நிறுத்தினாலும் வலி வரும். அவருக்கு வேண்டியது மருந்து. மற்றவருக்கு எண் 30. புண் ஆறிவிட்டது, ஆனால் குடலின் கூச்சம் போகவில்லை. இவருக்குத்தான் உணவு மாற்றம் கைகொடுக்கும். நான் சொன்ன கல்லூரிப் பெண் முதல் வகையைச் சேர்ந்தவள். எண் வானத்தில் இருந்தது. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் சோறும் பருப்பும் முட்டையும் மீண்டும் அவள் தட்டுக்கு வந்தன. பால் மட்டும் அவளுக்குச் சேரவில்லை.

அந்தப் பாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்திற்குப் பிறகு தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. சிறுகுடலில் கிரோன் அழற்சி இருந்தால் இன்னும் குறையும். அழற்சி தணிந்தபின் ஓரளவு திரும்பியும் வரலாம். இதற்கு உரிய பரிசோதனை மூச்சுப் பரிசோதனை. இரவு முழுதும் வெறும் வயிறாக இருந்து, காலையில் லாக்டோஸ் கரைத்த நீரைக் குடித்து, அரை மணிக்கு ஒருமுறை ஒரு பையில் ஊத வேண்டும். செரியாத சர்க்கரையைப் பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைப்பதால் எழும் ஹைட்ரஜன் வாயு மூச்சில் தெரியும். நான்கு வாரத்திற்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது. இந்த வசதி எல்லா இடங்களிலும் இல்லை என்பதால் ஏழைக்கேற்ற வழி ஒன்று: இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள், பிறகு ஒரு டம்ளர் பால் குடித்துப் பாருங்கள். விடை உங்கள் வயிறே சொல்லும். பால் சேராதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் சேரும். உறை ஊற்றிய கிருமிகள் சர்க்கரையில் ஒரு பங்கை முன்னமே தின்றுவிடுகின்றன. ஆகவே மோரையும் சேர்த்து விரட்டிவிடாதீர்கள்.

அடுத்தது கோதுமை. நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறியதைக் கண்டார். கோதுமையே காரணம் என்ற தம் கருத்தை 1950-ல் ஆய்வேடாக எழுதினார். இன்று இதற்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும். அது குறைவாக உள்ளவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாகச் சாதாரணம் என்று காட்டும். மிகப் பலர் செய்யும் தவறு, கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போவது. சப்பாத்தியும் ரொட்டியும் வழக்கம்போல் உண்டுகொண்டிருக்கும்போதே இரத்தம் கொடுக்க வேண்டும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனால் தடயம் அழிந்துவிடும். 2016-ல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்நோய்க்குரிய எதிர்ப்புப் புரதங்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேலும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இருப்பதாகக் கண்டார்கள். அரிதுதான், ஆனால் இரத்தசோகையோடு வயிற்றுப்போக்கும் நீடித்தால் ஒருமுறை பார்த்துவிடலாம்.

நோய் உறுதியானவர்கள் "நற்கருணை வாங்கலாமா டாக்டர்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. இது பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: 2003-லும் 2017-லும் உரோமையிலிருந்து வந்த கடிதங்களின்படி, குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ள அப்பம் செல்லும். இரச வடிவில் மட்டும் வாங்கவும் இடமுண்டு. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்ய முடியும்.

வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, மாம்பழம் இவற்றுக்கு எந்த இரத்தப் பரிசோதனையும் இல்லை. இவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகள் குடலில் நீரை இழுத்து, புளித்து, வாயுவைப் பெருக்குகின்றன. அழற்சி அடங்கியவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை நிறுத்திப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை இது. சேர்த்துப் பார்க்கும் பாதியை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

முருங்கைக்காய், வாழைத்தண்டு சாப்பிட்டால் மட்டும் வயிறு வீங்கி வாந்தி வருகிறது என்று கிரோன் நோயாளி சொன்னால், நான் உணவுப் பரிசோதனைக்கே எழுத மாட்டேன், ஸ்கேனுக்கு எழுதுவேன். குடல் ஓரிடத்தில் சுருங்கி, சக்கை அங்கே அடைத்துக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். தாமதித்தால் அறுவைச் சிகிச்சையில் முடியும்.

கையில் உள்ள பணத்தைச் செலவிட இடம் தேடுகிறவர்கள் இரும்புச் சத்து, பி-12, போலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். பி-12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கிரோன் நோய் விரும்பிக் குடியேறுவதும் அங்கேதான். இவை குறைந்திருந்தால் ஈடு செய்ய வழி உண்டு.

உரை முடிந்தபின் ஒரு தாய் எழுந்து, "அப்படியானால் பரிசோதனைக்குப் போகுமுன் வீட்டில் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலையும் சேர்த்து அச்சிடுமாறு விழாக் குழுவினர் கேட்டதால் எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், என்ன உண்டீர்கள், எத்தனை மணிக்கு, வலி எப்போது வந்தது, எத்தனை முறை வெளியே போனது, இரத்தம் இருந்ததா, அன்று என்ன மாத்திரை, இவ்வளவும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள். எடை குறைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, இரவில் வயிறு எழுப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ நோட்டு நிறையும்வரை காத்திராமல் அன்றே வாருங்கள்.